திருப்பி அடித்தவரின் மறுநாள்

ஒரு வன்கொடுமைச் செய்தி வெளிவந்த அரை மணி நேரத்தில் நம் தோழர்களின் பக்கங்களில் இரண்டு சொற்கள் வந்து விழுகின்றன: 'திருப்பி அடி'. பின்னணியில் ஒரு திரைப்படக் காட்சி, கையில் ஆயுதத்தோடு நாயகன், அதிரும் பறை. அடுத்த செய்தி வரும் வரை அது ஓடுகிறது. அதன்பின் வேறு படம், வேறு பறை.

அந்த முழக்கத்தோடு எனக்குச் சண்டையில்லை. தலைமுறை தலைமுறையாக அடி வாங்கிய மக்கள், 'அடிக்காதே' என்று எவரிடமும் பாடம் கேட்க வேண்டியதில்லை. முழக்கத்தைப் போட்டுவிட்டு அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறவர்களோடுதான் என் சண்டை. உயிருக்குப் பயந்து, கையில் கிடைத்ததை எடுத்து ஓங்கி, எதிரே நின்றவன் செத்துப்போன பிறகு, ஓங்கியவருக்கு அன்றிரவு என்ன ஆகிறது? மறுநாள் காலை காவல் நிலையத்தில் அவரிடம் என்ன கேட்கப்படுகிறது? ஐந்தாண்டு கழித்து அவரால் தூங்க முடிகிறதா? இவற்றைப் பற்றிப் பேச நம் இயக்கங்களிடம் ஒரு துண்டறிக்கைகூட இல்லை. இதை ஒரு சின்ன விடுபடல் என்று தள்ளிவிட முடியாது. ஒருவரை அடிக்கச் சொல்லிவிட்டு, அடித்த பிறகு அவரைத் தனியே விட்டுவிட்டுப் போவதற்குப் பெயர் துரோகம்.

உரிமை நம்முடையதுதான்

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். தற்காப்பு என்பது எவரும் நமக்குப் போடும் பிச்சை கிடையாது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகளும், 2024 ஜூலை 1 முதல் அவற்றின் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளும், தன் உடலையும் அடுத்தவர் உடலையும் காக்கும் உரிமையை எல்லோருக்கும் தருகின்றன. உயிர் போய்விடும், கொடுங்காயம் ஏற்படும் என்ற நியாயமான அச்சம் இருந்தால், வல்லுறவு நோக்கத்தோடு ஒருவன் பாய்ந்தால், கடத்த வந்தால், அமிலம் வீச வந்தால், அவன் உயிர் போகும் அளவுக்குக்கூட எதிர்க்கலாம் என்கிறது பழைய 100ஆம் பிரிவு. இப்போது அது 38ஆம் பிரிவு. 2010இல் தர்ஷன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த உரிமையைப் பத்துக் கூறுகளாக வகுத்துச் சொன்னது. ஆபத்து வரும்போது கோழையைப்போல் ஓடிப்போகச் சட்டம் சொல்லவில்லை என்பதும், பதற்றத்தில் இருப்பவர் தன் எதிர்த் தாக்குதலைத் தராசில் நிறுத்துக் கொடுக்க முடியாது என்பதும் நீதிமன்றங்கள் பலமுறை ஒத்துக்கொண்ட கருத்துகள்.

இந்த உரிமை ஏன் நமக்குத் தாளில் மட்டும் இருக்கிறது என்பதற்கு அண்ணல் அம்பேத்கர் 1936லேயே விடை சொல்லிவிட்டார். மற்ற நாடுகளில் சமூகப் புரட்சிகள் நடந்திருக்க இந்தியாவில் மட்டும் ஏன் நடக்கவில்லை என்று 'சாதியை அழித்தொழித்தல்' நூலில் கேட்கும் அவர், நால்வருணம் கீழே இருந்தவர்களிடமிருந்து ஆயுதத்தையும் கல்வியையும் பறித்து வைத்திருந்ததைக் காரணமாகக் காட்டுகிறார். ஆயுதம் மறுக்கப்பட்டவர்களுக்கு அகிம்சை உபதேசிப்பது, பட்டினி கிடப்பவனுக்கு விரதத்தின் மேன்மையைச் சொல்வதுபோலத்தான்.

இன்னொன்றையும் நம் இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் 1995இல் வகுக்கப்பட்ட விதிகளில் 3ஆம் விதியைப் படியுங்கள். வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதிகளில் பட்டியலினத்தவர் அல்லாதோரின் ஆயுத உரிமங்களை ரத்து செய்ய வேண்டும். சட்டவிரோத ஆயுதங்களைப் பறிமுதல் செய்ய வேண்டும். தேவைப்பட்டால் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஆயுத உரிமம் வழங்க வேண்டும் என்கிறது அந்த விதி. அரசே எழுதி வைத்த விதி. எழுதியவர்களுக்கே அது நினைவிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

ஆக, உரிமை உண்டா இல்லையா என்ற விவாதத்தை அகிம்சைக் காவலர்களோடு நடத்திக்கொண்டிருக்க நமக்கு நேரமில்லை. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு, உயிர் பிழைக்க ஒரு குடிசைக்குள் ஒளிந்த 44 பேர் எரிக்கப்பட்டார்கள். ஒளிந்தவர்களைக் காக்காத அகிம்சை, ஓங்கியவர்களுக்கு எதிராக மட்டும் ஏன் வாய் திறக்கிறது என்று கேட்டுவிட்டு மேலே போவோம்.

உடல் நம் பேச்சைக் கேட்பதில்லை

திரையில் நாயகன் ஒரு கணம் நிற்கிறான். எதிரியின் கண்ணைப் பார்க்கிறான். ஒரு வசனம் பேசுகிறான். பிறகு வெட்டுகிறான். உயிராபத்தில் இருக்கும் மனித உடலில் இப்படி எதுவும் நடப்பதில்லை.

ஆபத்து வந்துவிட்டது என்று மூளை முடிவு செய்த நொடியில் அட்ரினலின் பாய்கிறது. இதயம் எகிறுகிறது. விரல்களின் நுட்பமான அசைவுகள் போய்விடுகின்றன. பூட்டைத் திறக்கவோ கைபேசியில் எண்ணை அழுத்தவோ முடியாத கைகள், ஒரு கட்டையை மட்டும் இறுகப் பிடித்திருக்கும். பார்வை சுருங்கி, எதிராளியின் கையில் இருக்கும் கத்தி மட்டுமே தெரியும். அவன் முகமோ பக்கத்தில் நின்றவர்களோ தெரியமாட்டார்கள். சத்தம் அடங்கிப்போகும். சில நொடிகள் பல நிமிடங்களாக நீளும். அமெரிக்காவில் டேவிட் கிளிங்கர், துப்பாக்கிச் சூடு நடத்திய 80 காவலர்களிடம் 113 நிகழ்வுகளைப் பற்றி விரிவாகப் பேட்டி எடுத்தார். பெரும்பாலானோர் சொன்னது இதைத்தான்: காலம் மெதுவானது, சத்தம் கேட்கவில்லை, பார்வை சுருங்கியது. பயிற்சி பெற்று, இடுப்பில் துப்பாக்கியோடு, சம்பளத்துக்கு அந்த வேலைக்கு வந்தவர்களின் நிலை இது. சேரியில் கதவை உடைத்துக்கொண்டு வருகிறவர்களை அரிவாள்மனையோடு எதிர்கொள்ளும் ஒரு பெண்ணின் நிலை என்னவாக இருக்கும்?

பலருக்கு ஓங்கவே வராது. உடல் உறைந்துவிடும். ஸ்டாக்ஹோமில், வல்லுறவுக்கு உள்ளானோருக்கான அவசர சிகிச்சை மையத்துக்கு வந்த 298 பெண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2017இல் வெளியானது. அவர்களில் பத்துக்கு ஏழு பேர், தாக்குதலின்போது கைகால்கள் அசைய மறுத்துக் கல்லாய்ப் போனதாகச் சொன்னார்கள். இது சம்மதம் கிடையாது, கோழைத்தனமும் கிடையாது. மானும் முயலும் வேட்டை விலங்கின் பிடியில் செய்வதை மனித உடலும் செய்கிறது, அவ்வளவுதான். 'திருப்பி அடித்திருக்க வேண்டாமா' என்று பதிவு போடும் தோழர், அந்தப் பத்தில் ஏழு பேரின் நெஞ்சில் இன்னொரு கல்லை வைக்கிறார் என்பதை உணர வேண்டும். அடிக்க முடிந்தவர் வீரர் என்றால், உறைந்துபோனவர் யார்? நம் முழக்கத்தில் அவருக்கு இடமில்லையா?

இப்போது நீதிமன்றத்துக்கு வாருங்கள். உடல் இப்படி நடந்துகொண்டது என்று அறிவியல் சொல்வதை, அரசு வழக்கறிஞர் பொய்யின் அடையாளமாக மாற்றிவிடுவார். ஏன் கத்தவில்லை? ஏன் பின்பக்கமாக ஓடவில்லை? எத்தனை முறை குத்தினாய்? முதலில் இரண்டு முறை என்றாய், உடற்கூறாய்வில் ஐந்து காயம் இருக்கிறதே? சட்டம் 'தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது' என்கிறது. தேவை முடிந்துவிட்டது என்று கைக்குத் தெரிய எத்தனை நொடி ஆகும் என்று சட்டம் சொல்வதில்லை. சுருங்கிய பார்வையோடும் அடைத்த காதோடும் ஓங்கியவர், பிறகு முன்னுக்குப் பின் முரணாகப் பேசினால் அதில் வியக்க ஒன்றுமில்லை. நினைவு துண்டு துண்டாகத்தான் பதிந்திருக்கும். ஆனால் சாட்சிக் கூண்டில் ஒரு சேரிப் பெண்ணின் தடுமாற்றம் 'பொய்' என்றும், காக்கிச் சட்டைக்காரரின் தடுமாற்றம் 'மன உளைச்சல்' என்றும் எழுதப்படுகிறது.

செய்தி முடிந்த இடத்தில் தொடங்குவது

2012 பிப்ரவரியில் மதுரையில் ஒரு தாய், தன் மகளிடம் பாலியல் வன்முறைக்கு முயன்ற கணவனைக் கிரிக்கெட் மட்டையால் அடித்தார். அவன் செத்தான். மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் 100ஆம் பிரிவைச் சுட்டி அவரை விடுவித்தார். 2021 ஜனவரியில் சென்னைக்கு அருகே சோழவரத்தில், கத்தியைக் காட்டி வல்லுறவுக்கு முயன்ற உறவினனைத் தள்ளிவிட்டு, அதே கத்தியால் குத்திய 19 வயதுப் பெண், நேராகக் காவல் நிலையத்துக்குப் போய் நடந்ததைச் சொன்னார். அவரும் அதே பிரிவின்கீழ் விடுவிக்கப்பட்டார். இரண்டு முடிவுகளையும் நாடு பாராட்டியது. நானும் பாராட்டுகிறேன்.

ஆனால் இரண்டு கேள்விகள் மீதமிருக்கின்றன. இரண்டிலும் செத்தவன் அந்த வீட்டுக்காரன் அல்லது சொந்தக்காரன். அவனுக்காகச் சாலை மறியல் செய்ய ஒரு சாதிச் சங்கம் இல்லை. செத்தவன் ஊர்த் தெருவின் நிலக்காரன் மகனாக இருந்து, குத்தியவர் காலனிப் பெண்ணாக இருந்தால், எந்தக் கண்காணிப்பாளர் அன்று மாலையே 100ஆம் பிரிவை எடுத்திருப்பார்? அந்தப் பெண்ணின் தெரு அன்றிரவு எரியாமல் இருந்திருக்குமா?

இரண்டாவது கேள்வியை எவரும் கேட்பதில்லை. விடுவிக்கப்பட்ட பிறகு என்ன? செய்தி அந்த இடத்தில் முடிந்துவிடுகிறது. மனித மனம் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

கொன்றவருக்கும் அதிர்ச்சி நோய் வரும் என்பதை உளவியல் தாமதமாகத்தான் ஒத்துக்கொண்டது. 2002இல் ரேச்சல் மக்நேர் எழுதிய நூல், வியட்நாம் போர் வீரர்களின் தரவுகளை வைத்து, தாங்கள் கொன்றதாகச் சொன்னவர்களிடம் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோயின் அறிகுறிகள் அதிகமாக இருப்பதைக் காட்டியது. ஷிரா மக்யூன் உள்ளிட்டோரின் பிற்கால ஆய்வுகளும் அதே திசையில் சென்றன. செய்தது சரியா தவறா என்பது இதில் தனிக் கணக்கு. சட்டப்படி முழுக்கச் சரி, அறப்படி முழுக்கச் சரி, இன்னொரு முறை அதே நிலை வந்தால் அதையேதான் செய்வேன் என்று உறுதியாகச் சொல்கிறவருக்கும் அந்த முகம் கனவில் வரும். ரத்த வாடை சமையலறையில் வரும். கதவு தட்டும் சத்தத்துக்கு உடல் துள்ளும். சிலருக்கு எதுவுமே உறைக்காது. அந்த உறைக்காமையே 'நான் மனுசிதானா' என்ற கேள்வியாகத் திரும்பும். சிலருக்கு முதலில் வருவது பெரும் நிம்மதி. பிறகு அந்த நிம்மதியைப் பற்றிய வெட்கம்.

படைவீரனுக்கு இதைத் தாங்க ஒரு சீருடை இருக்கிறது, பதக்கம் இருக்கிறது, ஓய்வூதியம் இருக்கிறது, ராணுவ மருத்துவமனை இருக்கிறது. கூலிக்குப் போய்ப் பிழைக்கும் ஒருவருக்கு என்ன இருக்கிறது? பழிக்குப் பயந்து ஊரை விட்டு ஓட வேண்டிய குடும்பம், வேலை தராத பண்ணை, வாய்தாவுக்கு வாய்தா பேருந்துக் கட்டணம், பள்ளியில் 'கொலைகாரி மகன்' என்று அழைக்கப்படும் பிள்ளை. மேலே, நம்முடைய கைதட்டல். 'சிங்கப்பெண்' என்று நாம் பட்டம் கொடுத்த பிறகு அவர் எப்படி அழுவார்? வீராங்கனைக்குத் தூக்கம் வரவில்லை என்று யாரிடம் சொல்வார்?

ஃபனானை மேற்கோள் காட்டும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1961இல் வெளியான அவருடைய நூலின் முதல் அத்தியாயத்தோடு நிறுத்திவிடாதீர்கள்; மனநோய்களைப் பற்றிய அத்தியாயத்தையும் படியுங்கள். அதை எழுதியவர் மனநல மருத்துவரான ஃபனான். விடுதலைப் போரில் குண்டு வைத்த ஒரு போராளி, நாடு விடுதலை பெற்ற பிறகும் ஆண்டுதோறும் அதே நாள் நெருங்கும்போது தூக்கமிழந்து தற்கொலை எண்ணத்தில் தவிப்பதை அவர் பதிவு செய்கிறார். தாயைப் பிரெஞ்சுப் படையினரிடம் இழந்த 19 வயது இளைஞன் ஒருவன், குடியேறி ஒருவரின் வீட்டுப் பெண்ணைக் கொன்றுவிட்டு, இரவுதோறும் அந்தப் பெண் வந்து நிற்பதைப் பார்க்கிறான். இவர்களுடைய போராட்டத்தின் நியாயத்தை ஃபனான் ஒரு இம்மிகூட விட்டுக்கொடுக்கவில்லை. அதேசமயம் அவர்களுடைய காயத்தை மறைக்கவும் இல்லை. நியாயமான போராட்டத்துக்கு மருத்துவரும் தேவை என்று தெரிந்தவர் அவர்.

நம் திரைப்படங்களுக்கும் இதைச் சொல்லலாம். 'கர்ண'னில் நாயகன் காவல் அதிகாரியைக் கொன்றுவிட்டுச் சிறை சென்று திரும்புகிறான், ஊர் ஆடுகிறது. சிறையில் கழிந்த ஆண்டுகள் படத்தில் இல்லை. 'அசுர'னில் கொலைக்குப் பிந்தைய வாழ்க்கை இருக்கிறது, ஆனால் நாம் பார்க்கவில்லை. இளமையில் கொலை செய்தவன் பிறகு குடித்துக்கொண்டு, அடங்கி ஒடுங்கி, மகனைக் காப்பாற்ற ஊரில் ஒவ்வொருவர் காலிலும் விழுகிறானே, அவன்தான் கொன்றவனின் மனம் எப்படி இருக்கும் என்பதற்கு மிக நெருக்கமான சித்திரம். நாம் பகிர்வதோ இடைவேளைச் சண்டையை மட்டும்.

யாருடைய அச்சம் அச்சம்?

தற்காப்புச் சட்டம் முழுவதும் ஒரு சொல்லின்மேல் நிற்கிறது: 'நியாயமான அச்சம்'. சாதி இருக்கும் நாட்டில் அச்சத்துக்கும் சாதி உண்டு.

2019 டிசம்பர் 6 அன்று ஹைதராபாத் அருகே, வல்லுறவுக் கொலை வழக்கில் கைதான நான்கு பேர் காவல்துறையால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். காவல்துறை சொன்ன காரணம், தற்காப்பு. நாடு பூக்களைத் தூவியது. உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் 2022இல், அவர்கள் சாகவேண்டும் என்ற நோக்கத்தோடுதான் சுடப்பட்டார்கள் என்றும், பத்துக் காவலர்கள் கொலை வழக்கை எதிர்கொள்ள வேண்டும் என்றும் சொன்னது. 2011 செப்டம்பர் 11, இமானுவேல் சேகரன் நினைவு நாளில் பரமக்குடியில் காவல்துறை துப்பாக்கிச் சூட்டில் ஆறு தலித்துகள் கொல்லப்பட்டார்கள். அதை விசாரித்த ஆணையம் துப்பாக்கிச் சூடு நியாயமானது என்றது. துப்பாக்கி வைத்திருந்தவரின் அச்சம் அந்த அறிக்கையில் பதிவானது. சுடப்பட்டவர்களின் அச்சம் எந்த அறிக்கையிலும் இடம்பெறவில்லை.

அமெரிக்காவில் நிறம் செய்வதை இங்கே சாதி செய்கிறது. 2012 பிப்ரவரியில் ஃபுளோரிடாவில், மிட்டாயும் குளிர்பானமும் வாங்கிக்கொண்டு நடந்துபோன 17 வயது ட்ரேவான் மார்ட்டின் என்ற கறுப்பினச் சிறுவனைப் பின்தொடர்ந்து சுட்டவர், தற்காப்பு என்று சொல்லி 2013இல் விடுதலையானார். 2002இல் ஜோஷுவா கொரெல் குழுவினர் கணினி விளையாட்டு ஒன்றை வைத்துச் சோதித்தார்கள். திரையில் வருபவர் கையில் ஆயுதம் இருந்தால் சுட வேண்டும், இல்லையென்றால் விட வேண்டும். ஆயுதமில்லாத வெள்ளையரைவிட ஆயுதமில்லாத கறுப்பினத்தவரைத் தவறாகச் சுடும் போக்கு பங்கேற்றவர்களிடம் தெரிந்தது. யாரைப் பார்த்தால் பயம் வரும் என்பதைக் கண் முடிவு செய்வதற்கு முன்பே சமூகம் முடிவு செய்துவிடுகிறது.

வெண்மணி வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் என்ன சொன்னது? காரும் நிலமும் வைத்திருக்கும் பெரிய மனிதர்கள் தாங்களே நடந்துபோய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்ப முடியவில்லை என்றது. மிராசுதாரரின் மனத்துக்குள் புகுந்து அவருக்காக யோசிக்க நீதிபதியால் முடிந்தது. எரியும் குடிசைக்குள் இருந்தவர்களின் மனத்துக்குள் புகுந்து யோசிக்கும் நீதிமன்றம் என்றைக்கு வரும்?

இந்தக் காரணத்தால்தான் உளவியல் நமக்கு அரசியலாகிறது. ஒரு தலித் பெண்ணின் அச்சம் அன்று மாலை ஐந்து மணிக்குப் பிறந்தது கிடையாது. அந்தத் தெருவில் அவள் பாட்டி அடிபட்ட நாளிலிருந்து சேர்ந்து வந்தது. அவன் குரலின் ஏற்ற இறக்கத்தை வைத்தே அடுத்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். சட்டம் கேட்கும் 'உடனடி ஆபத்து' அவளுக்கு எப்போது தொடங்கியது என்பதை, அந்தத் தெருவில் வாழாத ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

எல்லை எங்கே?

இங்கே ஒரு கடினமான இடத்தைக் கடக்க வேண்டும். எல்லாவற்றையும் தற்காப்பு என்று சொல்லிவிட முடியுமா?

2004 ஆகஸ்ட் 13, நாக்பூர் மாவட்ட நீதிமன்ற வளாகம். கஸ்தூர்பா நகர் குடிசைப் பகுதியைப் பல ஆண்டுகள் வல்லுறவாலும் கொலையாலும் நடுங்க வைத்த அக்கு யாதவ் நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்டான். அங்கே திரண்ட பெண்கள், பெரும்பாலும் தலித்துகள், மிளகாய்ப் பொடியோடும் காய்கறிக் கத்தியோடும் அவனை முடித்தார்கள். எல்லோரும்தான் செய்தோம், எல்லோரையும் கைது செய் என்று அந்தப் பகுதிப் பெண்கள் நின்றார்கள். 2014இல் குற்றம் சாட்டப்பட்டவர்கள் போதிய சாட்சியமில்லை என்று விடுவிக்கப்பட்டார்கள்.

சட்டப்படி இது தற்காப்பில் வராது. அவன் காவல்துறையின் பிடியில் இருந்தான். பொது அதிகாரிகளின் உதவியை நாட நேரம் இருக்கும்போது தற்காப்புரிமை இல்லை என்கிறது பழைய 99ஆம் பிரிவு. ஆனால் அந்தப் பெண்கள் ஆண்டுக்கணக்கில் நாடியது அதே அதிகாரிகளைத்தானே? புகார் கொடுக்கப் போனவர்களையே அவமானப்படுத்தி அனுப்பிய காவல்துறையின் பிடி அவர்களுக்குப் பாதுகாப்பாகத் தெரிந்திருக்குமா? அந்தப் பெண்களைக் கண்டிக்க எனக்கு வாய் வராது. அதே நேரத்தில், அதை வழிமுறையாக எடுத்து வை என்று சொல்கிறவர்களை நான் ஏற்க மாட்டேன். கூட்டம் கூடிக் கொல்வது நம் நாட்டில் பெரும்பாலும் யார் மேல் விழுகிறது என்பது நமக்குத் தெரியும். கும்பலின் நீதி நமக்கு எதிராகத்தான் தினமும் தீர்ப்பெழுதுகிறது.

'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் அம்பேத்கர் இந்த எல்லையைத் தெளிவாக வகுத்தார். கொல்ல வேண்டிய தேவை ஒன்று, கொல்லும் விருப்பம் வேறொன்று. புத்தர் தடுத்தது இரண்டாவதையே என்று அவர் விளக்குகிறார். அவரே அதை நடத்தியும் காட்டினார். 1927 மார்ச் 20, மகாடில் சவதார் குளத்து நீரை அருந்திய பிறகு, சாதி இந்துக்கள் மாநாட்டுக்கு வந்தவர்களைத் தாக்கினார்கள். அங்கே திரண்டிருந்த நம் மக்களில் படையில் பணியாற்றியவர்களும் இருந்தார்கள். ஒரு சொல்லில் அந்த ஊரையே புரட்டிப் போட்டிருக்கலாம். அம்பேத்கர் அவர்களை அமைதிப்படுத்தினார். பயத்தால் வந்த அமைதி இல்லை அது. அடிக்கக்கூடிய வலு கையில் இருந்தும், அடுத்த நாள் சிதறிக்கிடக்கும் கிராமங்களில் தனித்தனியே மாட்டிக்கொள்ளும் தன் மக்களுக்கு என்ன ஆகும் என்று கணக்குப் போட்ட தலைவரின் அமைதி.

மறுநாளைப் பற்றி யோசிப்பது கோழைத்தனம் என்று நினைக்கும் முழக்கவாதி, மகாடை இன்னொரு முறை படிக்கட்டும்.

தனியே விடாத இயக்கம் எப்படி இருக்கும்?

1974 ஆகஸ்ட் 27. அமெரிக்காவின் வடக்குக் கரோலினா மாநிலம், போஃபர்ட் மாவட்டச் சிறை. ஜோன் லிட்டில் என்ற 20 வயதுக் கறுப்பினப் பெண் கைதியின் அறையில் சிறைக் காவலர் செத்துக் கிடந்தார். உடலில் பனிக்கட்டி உடைக்கும் ஊசியின் குத்துகள்; இடுப்புக்குக் கீழே ஆடை இல்லை. வல்லுறவிலிருந்து தப்பவே குத்தினேன் என்றார் லிட்டில். அரசு மரண தண்டனைக்குரிய கொலை வழக்குப் போட்டது. கறுப்பினப் பெண்ணுக்கும் தற்காப்புரிமை உண்டு என்று நாடு முழுக்க ஒரு இயக்கம் எழுந்தது. ஏஞ்சலா டேவிஸ் எழுதினார். ரோசா பார்க்ஸ் டெட்ராய்ட்டில் ஆதரவுக் குழு அமைக்க உதவினார். வழக்குச் செலவுக்குப் பணம் திரட்டினார்கள். ஜூரிகளைத் தேர்வு செய்வதற்குச் சமூக அறிவியலாளர்களை அமர்த்தினார்கள். 1975 ஆகஸ்டில் வெள்ளையர் ஆறு, கறுப்பினத்தவர் ஆறு பேர் கொண்ட ஜூரி ஒன்றரை மணி நேரம்கூட எடுத்துக்கொள்ளாமல் அவரை விடுவித்தது.

முழக்கம் மட்டும் இருந்திருந்தால் அவர் மரண தண்டனை பெற்றிருப்பார். பணமும், வழக்கறிஞரும், பொறுமையும் சேர்ந்துதான் அவரைக் காப்பாற்றின. ஆனால் அதிலும் நமக்கு ஒரு பாடம் மீதமிருக்கிறது. விடுதலைக்குப் பிறகு லிட்டில் பழைய திருட்டு வழக்கின் தண்டனைக்காக மறுபடி சிறைக்குள் போனார். 1977இல் தப்பி ஓடிப் பிடிபட்டார். 1979இல்தான் பரோலில் வெளியே வந்தார். வரலாறு அவரைச் சின்னமாக வைத்துக்கொண்டது. ஒரு இளம்பெண்ணாக அவரை யார் பார்த்துக்கொண்டார்கள் என்பது பெரும்பாலும் எழுதப்படவே இல்லை.

நம்மால் என்ன செய்ய முடியும்? நிறைய முடியும்.

முதல் சில மணி நேரம்தான் வழக்கின் முதுகெலும்பு. தற்காத்துக்கொண்டவர் உடலில் இருக்கும் ஒவ்வொரு கீறலும் அன்றே மருத்துவரால் பதிவு செய்யப்பட வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவரின் காயங்களை அரசுத் தரப்பு விளக்கத் தவறினால் அது வழக்கையே பலவீனமாக்கும் என்று 1976இல் லட்சுமி சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. காவலரிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் சாட்சியமாகாது. வழக்கறிஞரைப் பார்க்கும் உரிமையை அரசமைப்பின் 22ஆம் உறுப்பே தருகிறது. தற்காப்பை நிறுவும் சுமை குற்றம் சாட்டப்பட்டவர்மேல் இருக்கிறது. ஆனால் ஐயத்துக்கு இடமின்றி நிறுவ வேண்டியதில்லை, அப்படி நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். ஒவ்வொரு வட்டத்திலும் இவற்றைத் தெரிந்த இரண்டு தோழர்களாவது, நள்ளிரவில் அழைத்தால் வரும் ஒரு வழக்கறிஞராவது நம்மிடம் இருக்கிறார்களா? இல்லையென்றால் முதலில் அதற்கு ஆள் பிடியுங்கள். சுவரொட்டிக்குப் பிறகு பணம் திரட்டலாம்.

அடுத்தது, அந்த மனிதரின் மனம். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். ஆனால் வழக்கு நடக்கும்போது யாரிடம் என்ன பேசுவது என்பதை முதலில் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். அவரிடம் சொன்னதை வெளியே சொல்லச் சட்டம் அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. தூக்கமின்மையையும் கனவுகளையும் பைத்தியம் என்றோ பலவீனம் என்றோ பேசும் வழக்கத்தை நம் வீடுகளிலிருந்தே ஒழிக்க வேண்டும். உறைந்துபோனவரையும் ஓங்கியவரையும் ஒரே வரிசையில் உட்கார வைக்க வேண்டும். இருவரும் அதே வன்முறையிலிருந்து பிழைத்தவர்கள்.

கடைசியாக, அவர் முகத்தைக் கேட்காமல் சுவரொட்டியில் போடாதீர்கள். பட்டப்பெயர் சூட்டாதீர்கள். 'எப்படிக் கொன்றீர்கள்' என்று பேட்டி எடுக்காதீர்கள். அவர் வீட்டு வாடகையைக் கேளுங்கள். பிள்ளையின் பள்ளி மாற்றத்துக்கு அலையுங்கள். வாய்தா நாளில் கூடப் போங்கள். மூன்றாம் ஆண்டு, நான்காம் ஆண்டு, எல்லோரும் மறந்த பிறகும் போங்கள்.

திருப்பி அடிக்கும் உரிமையை எவருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டோம். அந்த உரிமையை ஒருவர் தன் உயிருக்காகப் பயன்படுத்த நேர்ந்தால், அதன் விலையை அவர் மட்டும் கட்டும்படி விடவும் கூடாது. இந்த இரண்டாவதைச் செய்ய ஆயத்தமில்லாத இயக்கத்துக்கு முதலாவதை முழங்கும் தகுதி இல்லை.